ஆங்கில ‘கெட்’, தமிழ்க் ‘கிட்டு’வின் வழிவந்ததா?

கேள்வி: நெய்தல்

தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து வரும் கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு நான் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். அவர்களை மிகுதியாகத் திணற வைக்கும் ஆங்கிலச் சொல் எதுவென்று கேட்டால், மூன்றே எழுத்துள்ள ‘கெட்’ என்னும் வினையைத்தான் சொல்வேன். கடிதம் கிடைத்தாலும் ‘கெட்’, பேருந்தில் ஏறினாலும் ‘கெட்’, ஊர் போய்ச் சேர்ந்தாலும் ‘கெட்’, மழையில் நனைந்தாலும் ‘கெட்’, சொன்னது புரிந்தாலும் ‘கெட்’, ஒருவரைக் கொண்டு ஒரு வேலையைச் செய்வித்தாலும் அதே ‘கெட்’ என்றிருக்கும்போது, இதற்குத் தமிழில் என்ன பொருள் என்று ஒரு மாணவி எழுந்து கேட்டால் ஒரு சொல்லில் விடை கூற இயலவில்லை.

இந்த நிலையில் வாட்ஸ்அப்பில் உலவும் ஒரு செய்தியை மாணவர்கள் கொண்டுவந்து காட்டினார்கள். தமிழ் வினையான ‘கிட்டு’ என்பதே கடல் கடந்து போய் ஆங்கிலத்தில் ‘கெட்’ என்று ஆயிற்று என்றும், மலையாளத்தில் ‘கிட்டி’ என்றால் கிடைத்தது என்று பொருள்படுவதே இதற்குச் சான்று என்றும் அது சொல்கிறது. ஒலியும் பொருளும் ஒருங்கே பொருந்துவதால் அவர்கள் எளிதில் நம்பிவிடுகிறார்கள். வெறுமனே ‘இல்லை’ என்று மறுப்பதைவிட, காரணத்தோடு மறுக்கவோ ஏற்கவோ விரும்புகிறேன். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, இத்தனை பொருள்களையும் இணைக்கும் இழை ஏதேனும் உண்டா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையேன்.

பதில்: ஏடகம்

இரண்டு சொற்களுக்கும் உறவு இல்லை. ஏன் இல்லை என்பதை மாணவர்களே படிப்படியாகக் கண்டுணர முடியும் என்பதால், சற்று விரிவாக எழுதுகிறேன்.

இரு மொழிச் சொற்கள் இன்று ஒத்து ஒலிக்கின்றன என்பது உறவுக்குச் சான்றாகாது. ஒவ்வொரு சொல்லையும் அதனதன் பழைய வடிவம் வரை பின்னோக்கிக் கொண்டுசெல்ல வேண்டும். உண்மையில் உறவு இருந்தால், பின்னே போகப் போக அவை நெருங்கி வரவேண்டும். ‘கெட்’, ‘கிட்டு’ இரண்டும் பின்னே போகப் போக விலகிச் செல்கின்றன.

முதலில் ‘கெட்’டை எடுத்துக்கொள்வோம். பழைய ஆங்கிலத்தில் இந்த வினை தனித்து வழங்கவில்லை. முன்னொட்டு ஏற்ற வடிவங்களிலேயே காணப்பட்டது. ‘பெயெட்டன்’ என்றால் அடைதல், மகப்பெறுதல். ‘ஃபோர்யெட்டன்’ என்றால் மறத்தல். ‘ஒன்யெட்டன்’ என்றால் உணர்தல், புரிந்துகொள்ளுதல். எழுத்தில் ககரத்துக்குரிய எழுத்தே இருந்தாலும், அந்த இடத்தில் ஒலித்தது யகரமே என்பதைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலம் தன் போக்கிலேயே வளர்ந்திருந்தால், இன்றைய ஆங்கிலேயர்கள் ‘ஃபர்கெட்’ என்று சொல்லாமல் ‘ஃபர்யெட்’ என்றே சொல்லியிருப்பார்கள்.

அந்தப் போக்கை மாற்றியவர்கள் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வடகடலைக் கடந்து வந்த வைக்கிங்குகள் என்னும் கடலோடிகள். 793இல் லிண்டிஸ்ஃபார்ன் தீவின் மடத்தைச் சூறையாடியவர்கள், 865இல் பெரும்படையாகவே வந்து இறங்கினார்கள். 878இல் எடிங்டன் என்னுமிடத்தில் ஆல்ஃபிரட் மன்னன் அவர்களை வென்றான் என்றாலும், அதன் பின்னரும் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் அவர்கள் ஊரமைத்து, நிலத்தை உழுது, உள்ளூர்ப் பெண்களை மணந்து நிலைத்துவிட்டார்கள். ‘விட்பி’, ‘டெர்பி’ என்று ‘பி’யில் முடியும் ஊர்ப்பெயர்கள் அந்தக் குடியேற்றத்தின் எச்சங்கள், அவர்கள் மொழியில் அவ்வீறு ஊர், பண்ணை என்று பொருள்படும். 1016இல் டென்மார்க்கைச் சேர்ந்த கன்யூட் இங்கிலாந்து முழுமைக்கும் அரசனாகவே ஆனான். வந்தவர்களின் பழைய நோர்ஸ் மொழியும் ஆங்கிலமும் ஒரே ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்தவை ஆகையால், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பாதியேனும் விளங்கியிருக்கும். அதனால்தான் கடன் வாங்கப்பட்ட சொற்கள் அரண்மனையோடும் கோயிலோடும் நின்றுவிடாமல் அடுப்படி வரை வந்தன. ‘டேக்’, ‘கால்’, ‘எக்’, ‘நைஃப்’, ‘விண்டோ’, ‘ஸ்கை’, ஏன், ‘தே’, ‘தெம்’ என்னும் பிரதிப்பெயர்கள்கூட அவ்வாறு வந்தவையே.

அந்த வரிசையில் வந்ததுதான் நோர்ஸ் மொழியின் ‘கெட்டா’. அங்கே அதற்கு அடைதல், மகப்பெறுதல், ஊகித்தல், இயலுதல் எனப் பல பொருள்கள் ஏற்கெனவே இருந்தன. ஐஸ்லாந்து மொழியில் இன்றும் ‘கெட்டா’ என்றால் இயலுதல். ‘என்னால் பேச முடியும்’ என்பதை அவர்கள் இந்த வினையைக் கொண்டே சொல்கிறார்கள். ஆங்கில எழுத்தில் இச்சொல் தனிவினையாக 1200 வாக்கில் தென்படத் தொடங்குகிறது. வடமொழிச் சொல்லும் தென்மொழிச் சொல்லும் (இங்கிலாந்தின் வடக்கையும் தெற்கையும் சொல்கிறேன்) நெடுங்காலம் அருகருகே வழங்கின. 14ஆம் நூற்றாண்டு லண்டன் கவிஞர் சாசர், அடைதலுக்கு வன்மையான ககரத்தோடு ‘கெட்’ வடிவத்தையும், மறத்தலுக்கு யகரத்தோடு ‘ஃபோர்யெட்’ வடிவத்தையும் எழுதியிருக்கிறார். ஒரே வேரின் இரண்டு கிளைகள் ஒரே மனிதரின் எழுத்தில் இரண்டு ஒலிகளோடு நிற்கின்றன.

இந்த ககர யகரப் போட்டி மக்கள் வாழ்வில் எப்படி இருந்தது என்பதற்கு, இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சகம் நிறுவிய வில்லியம் காக்ஸ்டன் 1490இல் தாம் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் சொல்லும் நிகழ்ச்சியைக் காட்டலாம். தேம்ஸ் ஆற்றிலிருந்து நெதர்லாந்துப் பகுதியான ஸீலந்துக்குப் புறப்பட்ட வணிகர்கள் சிலர், காற்றில்லாமையால் கரையோரம் நிற்க நேர்ந்து, பசியாறக் கரையிறங்கினார்கள். அவர்களுள் ஒருவர் ஒரு வீட்டில் முட்டை வேண்டும் என்பதற்கு ‘எக்ஸ்’ என்று கேட்டார். அந்த வீட்டுப் பெண், தனக்குப் பிரெஞ்சு மொழி தெரியாது என்று விடை சொன்னாள். தமக்கும் பிரெஞ்சு தெரியாதே என்று வணிகருக்குச் சினம் வந்தது. பிறகு இன்னொருவர் ‘ஐரென்’ வேண்டும் என்று கேட்ட பிறகுதான் அவளுக்கு விளங்கிற்று. ‘எக்’ என்பது வடக்கிலிருந்து பரவிய நோர்ஸ் வடிவம். ‘ஐ’, அதன் பன்மையான ‘ஐரென்’ ஆகியவை யகரமாகக் குழைந்த பழைய ஆங்கில வடிவங்கள். ‘கெட்’டுக்கும் ‘யெட்’டுக்கும் இருந்த உறவு இதுவே.

இனி நோர்ஸுக்கும் முன்னே செல்வோம். ‘மற’ என்பதற்கு ஜெர்மன் மொழியில் ‘ஃபெர்கெஸ்ஸன்’ என்றும் டச்சு மொழியில் ‘ஃபெர்கேட்டன்’ என்றும் வழங்குவதால், இந்த வேர் ஜெர்மானிய மொழிகள் அனைத்துக்கும் பொதுவானது என்பது தெளிவாகிறது. அதற்கும் முன்னே, இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் அது எப்படி இருந்தது என்பதை அறிய ஒலிமாற்ற விதிகள் உதவுகின்றன. ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822இல் முறைப்படுத்திய விதியின்படி, மூலமொழியின் அதிர்வுள்ள தகரம் ஜெர்மானிய மொழிகளில் டகரமாக வன்மையுறும். வடமொழியின் ‘தச’, ஆங்கிலத்தில் ‘டென்’ ஆகிறது. ‘தந்தம்’, ‘டூத்’ ஆகிறது. அதுபோலவே மூச்சு கலந்த ககரம், ஜெர்மானியத்தில் மூச்சிழந்த ககரமாகிறது. வடமொழியில் அது பல இடங்களில் ஹகரமாகித் தேய்ந்துவிடுவதால், அங்கே ‘ஹம்ச’ என்றிருப்பது ஆங்கிலத்தில் ‘கூஸ்’ என்று நிற்கிறது. எனவே ‘கெட்’டின் மூலத்தில் முதலொலி மூச்சு கலந்த ககரமாகவும் இறுதி அதிர்வுள்ள தகரமாகவும் இருந்தாக வேண்டும். இலத்தீனில் பற்றிப் பிடித்தலைக் குறிக்கும் ‘ப்ரெஹெண்டெரே’ என்னும் சொல்லின் நடுவிலுள்ள ‘ஹெந்த்’ என்னும் பகுதியில், எதிர்பார்த்தபடியே ஹகரமும் தகரமும் இருக்கின்றன. சிறையைக் குறிக்கும் ‘ப்ரிசன்’, புரிதலைக் குறிக்கும் ‘காம்ப்ரிஹெண்ட்’ ஆகியவை அந்த இலத்தீன் சொல்லின் வழியே ஆங்கிலத்துக்குள் வந்தவை. ஆகவே ‘கெட்’டுக்கு உடன்பிறந்த சொல், ஓசையில் சிறிதும் ஒத்திராத ‘ப்ரிசன்’ ஆகும். ஓசையில் ஒத்திருக்கும் ‘கிட்டு’ அன்று.

‘கிட்டு’வின் கதை வேறு. அதன் அடிப்படைப் பொருள் நெருங்குதல். ‘கிட்ட வா’, ‘கிட்டத்தட்ட’, ‘பல் கிட்டிப்போயிற்று’ ஆகிய வழக்குகளில் நெருக்கமே பொருளாக நிற்கிறது. நம்மை நெருங்கி வந்தது நமக்குக் கிடைத்தது என்ற முறையில்தான் அடைதற் பொருள் பின்னர் வந்து சேர்ந்தது. அதனால் ‘எனக்கு வாய்ப்புக் கிட்டியது’ என்னும்போது வாய்ப்பே எழுவாய். அதுவே நம்மை நோக்கி வருகிறது. ‘கெட்’டிலோ மனிதனே எழுவாய், அவன் கை நீட்டிப் பற்றுகிறான். பொருளின் தொடக்கமும் வேறு, தொடரின் அமைப்பும் வேறு, ஒலியின் வரலாறும் வேறு. இறுதி டகரமே ‘கெட்’டில் பிற்காலத்து மாற்றத்தால் வந்தது என்றால், அதை வைத்து உறவு கொண்டாட இடமில்லை.

பதில்: பொருநைக்கரை

விளக்கம் தெளிவாக இருக்கிறது. இருந்தாலும் ஓர் ஐயம். ‘கட்டுமரம்’, ‘சுருட்டு’, ‘மிளகுத்தண்ணீர்’ ஆகியவை ஆங்கில அகராதியில் இடம்பெற்றிருப்பதை எவரும் மறுப்பதில்லை. அப்படியிருக்க, ஒரு வினைச்சொல் மட்டும் போயிருக்க முடியாது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறோம்? தமிழுக்குரிய பெருமையை நாமே குறைத்துக்கொள்கிறோமோ என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது.

பதில்: ஏடகம்

தாங்கள் சொன்ன மூன்று சொற்களும்தான் என் வாதத்துக்கு வலுச் சேர்க்கின்றன. ஒரு மரக்கலம், ஒரு புகைபொருள், ஓர் உணவு. மூன்றும் பொருளோடு சேர்ந்து பயணப்பட்ட பெயர்கள். ‘கட்டுமரம்’ ஆங்கில எழுத்தில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்படுகிறது. அப்போது ஆங்கிலேயர்கள் சோழமண்டலக் கரையில் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது 1600இல். அவர்கள் சென்னையில் இடம் பெற்றது 1639இல். ‘கெட்’டோ அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே இங்கிலாந்தில் எழுதப்பட்டுவிட்டது, அதற்கும் முன்னரே ஸ்காண்டிநேவியாவில் பேசப்பட்டது. காலமும் வழியும் பொருந்தாத இடத்தில் கடனுக்கு வாய்ப்பில்லை.

ஒப்புமையால் ஏமாறுவது தமிழருக்கு மட்டும் உரிய குறையுமன்று. உடைமையைக் குறிக்கும் ஆங்கில ‘ஹேவ்’, அதே பொருளுடைய இலத்தீன் ‘ஹாபெரே’ இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகளில் இருந்தும், ஒலியிலும் பொருளிலும் ஒத்திருந்தும், ஒரே வேரிலிருந்து வந்தவை அல்ல. ‘ஹேவ்’வுக்கு உடன்பிறப்பு, பற்றுதலைக் குறிக்கும் இலத்தீன் ‘காப்பெரே’. முதலில் ககரம் இருந்த இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் ஹகரம் வரும் என்பது விதி. தமிழ் தனிக்குடும்பத்து மொழி என்பதை 1816இல் சென்னையில் எல்லிஸும், விரிவாக 1856இல் கால்டுவெல்லும் நிறுவியபோது, தற்செயல் ஒப்புமைகளை ஒதுக்கி, முறையான ஒலி இயைபுகளையும் அடிப்படைச் சொற்களையும் இலக்கண அமைப்பையும் வைத்தே வாதிட்டார்கள். தமிழின் தனித்தன்மையை உலகம் ஏற்றுக்கொண்டது அந்த ஆய்வுமுறையின் வலிமையால்தான். அதே முறையை ‘கிட்டு’வுக்காக நாம் கைவிடக் கூடாது.

பதில்: சொல்லேர்

பிறப்பைப் பற்றிய விளக்கம் நிறைவாக வந்துவிட்டதால், நெய்தல் அவர்கள் கேட்ட இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். இத்தனை பொருள்களுக்கும் இழை உண்டு. அதைத் தமிழைக் கொண்டே மாணவர்களுக்குக் காட்ட முடியும் என்பது என் அனுபவம்.

‘கெட்’டின் மிகுதியைக் கண்டிக்க, 18ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் எழுதப்பட்டுப் பின்னர்ப் பல இலக்கண ஆசிரியர்கள் எடுத்தாண்ட ஓர் ஆங்கிலப் பகுதி உண்டு. அதன் தொடக்கத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: கடிதம் கிடைத்த பத்து நிமிடத்தில் குதிரை ஏறினேன், கேன்டர்பரி போய்ச் சேர்ந்ததும் ஊருக்குச் செல்ல ஒரு வண்டி அமர்த்திக்கொண்டேன், ஆனால் கேன்டர்பரி போய்ச் சேருமுன்பே நன்றாக நனைந்துவிட்டேன், எளிதில் விடுபட முடியாத சளி பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்தில் இத்தனை வினைகளும் ‘கெட்’ ஒன்றே. தமிழில் ஏறுதல், சேருதல், அமர்த்துதல், நனைதல், விடுபடுதல், பிடித்தல் என்று ஒவ்வொன்றும் தனித்தனி வினையாகப் பிரிந்துவிடுகிறது. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், ஒற்றைத் தமிழ்ச் சொல்லைத் தேடுவது வீண் என்பதை மாணவர்கள் உடனே உணர்ந்துவிடுவார்கள்.

ஆனால் இழை எங்கே? நம் ‘அடை’ என்னும் வினையைப் பாருங்கள். ‘செல்வம் அடைந்தான்’ என்னும்போது பெறுதல். ‘ஊரை அடைந்தான்’ என்னும்போது போய்ச் சேருதல். ‘சோர்வடைந்தான்’ என்னும்போது ஒரு நிலைக்கு ஆளாதல். ஆங்கில ‘கெட்’ கடந்துவந்த பாதையும் இதுவே. பற்றுதலில் தொடங்கி, பொருளை எட்டுதல், இடத்தை எட்டுதல், நிலையை எட்டுதல் என்று அது படிப்படியாக விரிந்தது. நிலையை எட்டும் பொருள் 16ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் வழக்குக்கு வந்துவிட்டது. வெனிஸ் நகர வணிகனைப் பற்றிய ஷேக்ஸ்பியரின் நாடகத்தில், முதற்காட்சியிலேயே பசானியோ தன் கடன்களிலிருந்து எப்படி விடுபடுவது என்பதை ‘கெட்’ கொண்டே சொல்கிறான். ஒருவரைக் கொண்டு செய்வித்தல் என்பதும் இதன் நீட்சிதான். ஒருவரை ஒரு செயலின்பால் கொண்டுவந்து சேர்ப்பதே அங்கே கருத்து.

செயப்பாட்டுவினையாக வழங்குவது மேலும் பிற்பட்டது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில்தான் அது வேரூன்றியது. பழைய ஆங்கிலத்தில் ஆதலைக் குறிக்க ‘வெயொர்தன்’ என்றொரு வினை இருந்தது; அதுவே செயப்பாட்டுக்கும் துணைவினையாக நின்றது. ஜெர்மன் மொழியின் ‘வெர்டன்’ அதன் உடன்பிறப்பு. அங்கே அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் அது இடைக்காலத்திலேயே வழக்கொழிந்துவிட்டபடியால், ‘கதவு மூடப்பட்டது’ என்ற செயலையும் ‘கதவு மூடியிருந்தது’ என்ற நிலையையும் ஒரே தொடரால் சொல்ல வேண்டிய மயக்கம் ஏற்பட்டது. இரண்டுக்கும் இடையே நூற்றாண்டுகள் இடைவெளி இருப்பதால், ‘வெயொர்தன்’ விட்டுச் சென்ற இடத்தை ‘கெட்’ நேரே நிரப்பியது என்று சொல்லிவிட முடியாது. எனினும் நிலையையன்றி நிகழ்ச்சியையே சுட்ட ஒரு துணைவினை வேண்டியிருந்தது என்பதும், ‘கெட்’ அதற்குப் பொருத்தமாக அமைந்தது என்பதும் உண்மை.

இந்த இடத்தில் நம் ‘பெறு’ என்னும் வினையை ஆங்கிலச் சொல்லின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். உறவு ஏதும் இல்லாத இரண்டு மொழிகள் ஒரே பாதையில் நடந்திருப்பதை இங்கே காணலாம். ஒலி ஒப்புமையைவிட இது எனக்குப் பன்மடங்கு வியப்பளிக்கிறது. ‘கெட்’ என்றால் அடைதல். முன்னொட்டு ஏற்ற ‘பிகெட்’ என்றால் மகப்பெறுதல். தமிழில் முன்னொட்டின் துணையும் வேண்டியதில்லை. ‘பெறுமவற்றுள் யாமறிவ தில்லை அறிவறிந்த மக்கட்பே றல்ல பிற’ என்ற குறளில், அடையத்தக்கவை அனைத்தையும் சுட்டும் ‘பெறு’வும், மக்களை அடைதலாகிய ‘பேறு’ம் ஒருங்கே இணைகின்றன. ‘நான் அவரைக் காணப்பெற்றேன்’ என்று வாய்ப்புக் கிடைத்ததைச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அதே பொருளை ‘கெட் டு’ என்ற தொடர் தருகிறது. ‘நூல் வெளியிடப்பெற்றது’ என்று செயப்பாட்டில் வழங்குகிறோம். அங்கும் ‘கெட்’ அவ்வாறே வழங்குகிறது. ஒரே வேறுபாடு, தமிழ்ப் ‘பெறு’ செயப்பாட்டில் மதிப்பையும் நன்மையையும் உணர்த்தும் எழுத்து வழக்கு; ஆங்கில ‘கெட்’ செயப்பாட்டில் பேச்சு வழக்கு, பல வேளைகளில் தீமையையே உணர்த்துவது. பணிநீக்கம் செய்யப்பட்டான், கொள்ளையடிக்கப்பட்டான் என்பவற்றுக்கு அது மிகுதியாக வரும். தமிழ்ப் பேச்சில் அந்த வேலையை ‘வாங்கு’ செய்கிறது. அடி வாங்கினான், திட்டு வாங்கினான் என்றால் மாணவர்களுக்கு உடனே விளங்கும்.

புரிதற் பொருளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ‘கெட்’ என்பதை விளங்கிக்கொள்ளுதல் என்ற பொருளில் ஆளுவது ஏறத்தாழ நூறாண்டுப் பழக்கம். அமெரிக்கப் பேச்சில் பரவியது. ஆனால் நண்பர் காட்டிய ‘ஒன்யெட்டன்’ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அதே வேரிலிருந்து அதே பொருளைத் தந்தது; ‘காம்ப்ரிஹெண்ட்’ இலத்தீன் வழியே மூன்றாம் முறையாகவும் அங்கேயே வந்து சேர்ந்தது. கையால் பற்றுதல் மனத்தால் பற்றுதலாக மாறுவது அவ்வளவு இயல்பானது. ‘அவன் சொன்னது எனக்குப் பிடிபடவில்லை’ என்று நாமும் சொல்கிறோம் அல்லவா. ‘ஃபர்கெட்’ இதன் மறுபக்கம்: அங்குள்ள முன்னொட்டு விலகுதலைக் குறிக்கும், பற்றியிருந்தது கைநழுவிப் போவதே மறதி.

பதில்: நெய்தல்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘அடை’, ‘பெறு’, ‘வாங்கு’ ஆகிய மூன்றையும் வைத்தே அடுத்த வகுப்பை நடத்தப்போகிறேன். ஒன்றை மட்டும் தெளிவுபடுத்த வேண்டுகிறேன். அமெரிக்க நாளிதழ்களில் ‘கெட்’டின் இறந்தகால எச்சமான ‘காட்’ வரவேண்டிய இடத்தில் ‘காட்டன்’ என்று எழுதுகிறார்கள். இது அமெரிக்கர்கள் புதிதாகப் புனைந்துகொண்டது என்று ஒரு கையேட்டில் படித்தேன். அது சரியா?

பதில்: வாடைக்காற்று

அந்தக் கையேடு சொல்வது சரியன்று; ‘காட்டன்’ இங்கிலாந்திலிருந்தே அமெரிக்காவுக்குப் போன வடிவம். 17ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் தங்களோடு அதை எடுத்துச் சென்றார்கள். பின்னர் இங்கிலாந்தின் பொதுவழக்கு அதைக் கைவிட்டது, அமெரிக்கா காத்துக்கொண்டது. இங்கிலாந்திலும் அது முற்றாக மறையவில்லை. ‘ஃபர்காட்டன்’, ‘பிகாட்டன்’ என்பவற்றிலும், தீயவழியில் சேர்த்த செல்வத்தைக் குறிக்கும் ‘இல்-காட்டன்’ என்பதிலும் அது இன்றும் நிற்கிறது.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் இதற்கு நல்ல சான்று உண்டு. ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், காயீனைப் பெற்றெடுத்த ஏவாள், கர்த்தரிடமிருந்து ஒரு மனிதனை அடைந்தேன் என்று சொல்லுமிடத்தில் வரும் வினை ‘ஹேவ் காட்டன்’ என்பதே. அவள் ஈன்றதைச் சொல்ல ஆங்கிலத்தில் வேறொரு வினை இருக்கிறது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பிலோ ‘காயீனைப் பெற்று, கர்த்தரால் ஒரு மனுஷனைப் பெற்றேன் என்றாள்’ என்று இரண்டு இடத்திலும் ‘பெறு’வே வருகிறது. சொல்லேர் சொன்ன இரண்டு பொருள்களும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து நிற்பதால், இதை மாணவர்களுக்குக் காட்டலாம். மத்தேயு நற்செய்தியின் தொடக்கத்திலுள்ள வம்சவரலாற்றில் ‘ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான்’ என்று தந்தைக்கும் அதே வினை வருகிறது. ஆங்கிலத்தில் அங்கே ‘பிகேட்’ என்று இருக்கும், அது ‘பிகெட்’டின் பழைய இறந்தகாலம்.

இன்றைய அமெரிக்க வழக்கில் இரண்டு வடிவங்களும் பொருள்வேறுபாட்டோடு வழங்குகின்றன. ‘ஹேவ் காட்’ என்றால் என்னிடம் இருக்கிறது. ‘ஹேவ் காட்டன்’ என்றால் எனக்குக் கிடைத்துவிட்டது, அல்லது நான் அந்த நிலையை அடைந்துவிட்டேன். அதுபோல ‘ஹேவ் காட் டு கோ’ என்றால் போயாக வேண்டும். ‘ஹேவ் காட்டன் டு கோ’ என்றால் போகும் வாய்ப்புக் கிடைத்தது. கட்டாயத்தையும் வாய்ப்பையும் இப்படிப் பிரித்துக் காட்டும் வசதி இங்கிலாந்து வழக்கில் இல்லை. நம் பாடநூல்கள் பெரும்பாலும் பிரிட்டானிய வழக்கையே பின்பற்றுவதால், தேர்வுத்தாளில் ‘காட்’ என்றே எழுதச் சொல்லுங்கள். ஆனால் ஒரு மாணவர் அமெரிக்க நாளிதழில் படித்துவிட்டு ‘காட்டன்’ என்று எழுதியிருந்தால், சிவப்பு மையால் அடிக்காமல், எந்த நாட்டு வழக்கு என்று ஓரத்தில் குறித்துக் கொடுங்கள்.